பத்தரை மணிக்கு எடுத்த தண்ணீர்: கொழும்பு வடக்கில் ஒரு பால் தொழிற்சாலையின் கழிவுநீர் மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் ஆய்வுகூடத்தின் சார்பில் மாதிரி எடுத்தவள் நான். தொடர்ச்சியாகப் பதினான்கு மாத அறிக்கைகளில் என் கையொப்பம் இருக்கிறது. அவற்றில் ஓர் எண்ணும் திருத்தப்படவில்லை, ஒரு போத்தலும் மாற்றப்படவில்லை. ஆனாலும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கால்வாய்க்குப் போன தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அந்த அறிக்கைகள் சொல்லவில்லை. இதே வேலையைச் செய்யும் பிறருக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தொழிற்சாலையையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

யோகட்டும் சுவையூட்டிய பாலும் தயாரிக்கும் நடுத்தரத் தொழிற்சாலை அது. களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரத்திலிருந்து அதிக தூரமில்லை. அதன் பின்மதிலை ஒட்டி ஒரு வடிகான் ஓடிக் கால்வாயில் விழுகிறது. கால்வாய் கங்கையில் சேர்கிறது. கால்வாயின் மறுகரையில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்து வாழும் ஒரு வீட்டு வரிசை.

இத்தகைய தொழிற்சாலை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்றே இயங்க வேண்டும். வெளியேறும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அப்போது நாங்கள் பின்பற்றியது 2008 பெப்ரவரியில் வெளியான 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி. உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலையில் விடுவதானால் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, மொத்தத் தொங்கல் திண்மம் 50, எண்ணெயும் கொழுப்பும் 10, அமில கார அளவைக் காட்டும் பி.எச். 6.0 முதல் 8.5 வரை. பி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எடுத்துக்கொள்ளும் ஒட்சிசன், சி.ஓ.டி. என்பது அதே கழிவை இரசாயனத்தால் எரித்துத் தீர்க்க வேண்டிய ஒட்சிசன். பால் தொழிலில் பி.ஓ.டி.தான் உயிர்நாடி. முழுப்பால் ஒரு லீற்றரின் பி.ஓ.டி. ஏறத்தாழ ஒரு இலட்சம் மில்லிகிராம். ஒரு லீற்றர் பால் ஒரு கன மீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர், தண்ணீரில் கலந்தாலே 100 ஆகிவிடும், எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

தொழிற்சாலையில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கொழுப்புப் பொறி, ஏறியிறங்கி வரும் கழிவுநீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் 15 கன மீற்றர் சமநிலைத் தொட்டி, காற்றூட்டத் தொட்டி, படிவுத் தொட்டி, கடைசியில் குளோரின் தொட்டி. அது கட்டப்பட்ட காலத்தில் உற்பத்தி இன்றைய அளவில் பாதி. உற்பத்தி வளர்ந்தது, தொட்டி அப்படியே இருந்தது. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்கவில்லை.

மாதிரி எடுத்து வந்த முறை

மாதத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் எங்கள் வான் அந்தப் பக்கம் போகும். 27 பாகை செல்சியசில் மூன்று நாள் வைத்துப் பி.ஓ.டி. பார்க்கும் முறையைப் பின்பற்றியதால், செவ்வாய் தொடங்கினால் வெள்ளிக்கிழமை வாசித்துவிடலாம் என்பதும் ஒரு வசதி. காவல் அறையில் பெயர் எழுதி உள்ளே போகவேண்டும் என்பதால் முந்திய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவோம். பத்தரை மணிக்குப் பொறியியலாளர் வந்து அழைத்துப் போவார். குளோரின் தொட்டியின் பக்கவாட்டில் பொருத்திய குழாயைத் திறந்து, சற்று நேரம் ஓடவிட்டு, போத்தல்களை நிரப்புவோம். பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, மதியத்துக்குள் ஆய்வுகூடம் வந்துவிடுவோம்.

அந்தக் குழாய் நல்ல இடத்தில் இருந்தது: நிழல், காய்ந்த தரை, கை கழுவத் தொட்டி. தண்ணீர் தெளிவாக வந்தது. பி.ஓ.டி. 6, 8, 7, சி.ஓ.டி. 120, 140, 135. மாதந்தோறும் எல்லைக்குள்.

இதற்குள் ஒரு கடிதம் வந்திருந்தது. கால்வாயோரத்தில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா கிராம உத்தியோகத்தரிடம் தமிழில் எழுதிக் கொடுத்தது. இரவு ஒரு மணிக்கு மேல் மாவு பிசைய எழும்போது கால்வாயில் வெள்ளைத் தண்ணீர் வருவதாகவும், புளித்த நாற்றம் வீட்டுக்குள் அடிப்பதாகவும் எழுதியிருந்தார். அதன் பிரதி தொழிற்சாலை வழியாக என்னிடம் வந்தது. நான் கடைசி மாத அறிக்கையை இணைத்து, வெளியேறும் நீர் நியம எல்லைக்குள் உள்ளது என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த அம்மா நேரத்தை எழுதியிருந்தார். அந்த நேரத்தில் நான் ஒருபோதும் அங்கே நின்றதில்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐயம் எழுந்த விதம்

ஐயத்தைக் கிளப்பியவர் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் உதவியாளர். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "அக்கா, பால் தொழிற்சாலைத் தண்ணீரில் சி.ஓ.டி. 140 இருக்கும்போது பி.ஓ.டி. எப்படி மாதா மாதம் ஆறும் ஏழுமாக வரும்?"

சுத்திகரித்த பிறகு இரண்டுக்கும் இடையிலான விகிதம் குறைவது வழக்கம்தான். இலகுவாகச் சிதையும் பகுதியை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடுகின்றன. ஆனால் இருபதில் ஒரு பங்கு, அதுவும் பால் கழிவில், அதுவும் விலகலே இல்லாமல் பதினான்கு மாதம் என்பது இயல்பல்ல. அவர் போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் குளோரின் பார்த்தார். எஞ்சிய குளோரின் இருந்தது.

விளக்கம் அதிலேயே கிடைத்தது. பி.ஓ.டி. சோதனை உயிருள்ள நுண்ணுயிர்களை நம்பியிருக்கிறது. குளோரின் கலந்த மாதிரியை அப்படியே போத்தலில் அடைத்தால், ஒட்சிசனை எடுக்க வேண்டிய உயிர்கள் செத்துப்போகும். கழிவு இருக்கும், அதைத் தின்ன ஆளிருக்காது. எண் குறைவாக வரும். சோடியம் சல்பைற்று சேர்த்துக் குளோரினை முறித்து, பிறகு வேறிடத்திலிருந்து நுண்ணுயிர் விதையைச் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். எங்கள் செய்முறைக் கோவையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் குளோரின் தொட்டியிலிருந்து எடுத்தது என்று மாதிரிப் படிவத்தில் நான் எழுதவில்லை. 'இறுதி வெளியேற்றம்' என்று மட்டும் எழுதினேன். படிவத்தைப் பார்த்தே வேலை செய்த ஆய்வாளர் மேல் குறை சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய் குளோரினை முறித்துச் சோதித்தோம். பி.ஓ.டி. 22. அதுவும் எல்லைக்குள்தான். இதோடு நிறுத்தியிருந்தால், ஒரு செய்முறைப் பிழையைத் திருத்திக்கொண்ட திருப்தியோடு விட்டிருப்போம். ஆனால் 'இறுதி வெளியேற்றம்' என்று நான் எழுதிய சொல் மனதை அரித்தது. குழாய்க்கும் கால்வாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது அன்றுதான் புரிந்தது.

குழாயைப் பின்தொடர்ந்தது

பொறியியலாளரிடம் கேட்டுக்கொண்டு, கால்வாயில் நீர் விழும் வாயிலிருந்து பின்னோக்கி நடந்தோம். மதிலுக்கு உள்ளே, புல் மூடிய ஓர் இடத்தில் மேன்ஹோல் மூடி இருந்தது. அதைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது உள்ளே மூன்று குழாய் வாய்கள் தெரிந்தன. ஒன்று குளோரின் தொட்டியிலிருந்து வருவது. இரண்டாவது கூரையின் மழைநீர். மூன்றாவதன் விளிம்பில் மெழுகு போலக் கொழுப்பு படிந்து, தடித்து, மஞ்சளாகியிருந்தது. அது சமநிலைத் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து வரும் வழிந்தோடும் குழாய். தொட்டி நிரம்பினால் மிச்சம் சுத்திகரிப்பைத் தொடாமல் நேரே இங்கே விழும்.

நிலையத்தை இரவில் கவனிப்பவர் அட்டன் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். அவருடைய வேலை நேரம் இரவு பத்திலிருந்து காலை ஆறு. அன்று சம்பளச் சீட்டு வாங்கப் பகலில் வந்திருந்தார். நாங்கள் மேன்ஹோலைச் சுற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, "மிஸ், நீங்கள் பகலில் வருகிறீர்கள். தண்ணீர் இரவில்தான் வருகிறது" என்றார்.

பிறகு தன் அலமாரியிலிருந்து ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து வந்தார். தொழிற்சாலையின் பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் அவர் எழுதவேண்டியது காற்றூட்டி ஓடிய மணிகள் மட்டும். கொப்பி அவர் தானாக வைத்திருந்தது. பென்சிலால் கோடு போட்டு, நாள், மணி, ஒரு சொல். '11.05 வெள்ளை.' '12.20 நுரை.' '1.10 கை வழுக்கும்.' தொட்டி வழிந்த ஒவ்வோர் இரவும் அதில் இருந்தது. வழியாத இரவு மாதத்துக்கு நாலைந்துக்கு மேல் இல்லை. இதை யாரிடமும் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். நான் பதினான்கு தடவை போயிருக்கிறேன். நிலையத்தை இயக்குபவர் யார் என்று ஒரு தடவையும் விசாரிக்கவில்லை.

நடப்பது இதுதான். உற்பத்தி இரவு பத்து மணிக்கு முடிகிறது. பத்தரையிலிருந்து ஒன்றரை வரை தொட்டிகளையும் குழாய்களையும் கழுவுகிறார்கள்: முதலில் வெறும் நீர், பிறகு சூடான கோஸ்டிக் சோடா, மறுபடி நீர், வியாழன் இரவில் கூடுதலாக நைத்திரிக் அமிலம். மாலைக்குள்ளேயே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும் 15 கன மீற்றர் தொட்டி இந்தத் தண்ணீரைத் தாங்காது.

எடுத்த முதல் முடிவுகள்

நான்கு முடிவுகள் எடுத்தோம். மேன்ஹோலில் மூன்று குழாய்களும் சேர்ந்த பிறகு உள்ள இடமே இனி மாதிரி எடுக்கும் இடம். அந்த இடத்துக்கு மாறும்வரை வழக்கமான மாதாந்த அறிக்கை தருவதில்லை. கண்டதை எழுத்தில் முகாமையாளரிடம் கொடுப்பது. 24 மணிநேர மாதிரி எடுப்பது.

இரண்டாவது முடிவு கடினமாக இருந்தது. முகாமையாளர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். "இவ்வளவு காலம் எல்லாம் சரி என்று நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. குழாயின் இடத்தைத் தொழிற்சாலை காட்டியது உண்மை. காட்டிய இடத்தை விசாரிக்காமல் ஏற்றது நான். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். வாடிக்கையாளரை இழக்கும் அச்சம் எங்கள் பக்கத்திலும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு வாதமும் அந்த அறையில் எழுந்தது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை மேலே இருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழே, நம் தண்ணீர் கடலுக்குத்தானே போகிறது என்றார் ஒருவர். இதைக் கங்கையின் கீழ்ப்பகுதியில் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். வர்த்தமானியின் எல்லை நீர்நிலையில் விடும் தண்ணீருக்கானது; கீழே குடிநீர் எடுக்கிறார்களா என்று அது கேட்பதில்லை. கீழே வீடுகள் இருந்தன, அந்த வீட்டு வாசல்களில் பிள்ளைகள் இருந்தார்கள்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு உடனே அறிவிப்பதா என்பதும் பேசப்பட்டது. எண்கள் கையில் வந்த பிறகு தொழிற்சாலையே அறிவிக்கும் என்று இணங்கினோம். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் இரவுத் தண்ணீர் கால்வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இருபத்து நான்கு மணிநேரம்

பெப்ரவரி மாதம், மழையில்லாத ஒரு வியாழக்கிழமையைத் தெரிந்தெடுத்தோம். மழையிருந்தால் கூரைத் தண்ணீர் கலந்து எல்லாவற்றையும் நீர்த்துவிடும். வியாழன் என்றால் அமிலக் கழுவலும் அகப்படும். தானியங்கி மாதிரிக்கருவி எங்களிடம் இல்லை. மணிக்கொரு தடவை கையால் எடுப்பது என்று முடிவு. உதவியாளர், நான், வான் ஓட்டுநர் மூவரும் முறைவைத்து நின்றோம்.

மேன்ஹோலுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. புளித்த கழிவு தேங்கும் குழியில் வாயு மனிதரை ஒரு நிமிடத்தில் சாய்த்துவிடும். நீண்ட தடியில் கட்டிய கிண்ணத்தால், ஓட்டத்தின் நடுவில், அடியையும் மேல் நுரையையும் தொடாமல் எடுத்தோம். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பிளாஸ்டிக் போத்தல்கள்: ஒன்று ஒன்றும் சேர்க்காமல், பி.ஓ.டி.க்கும் திண்மத்துக்கும், மற்றது கந்தக அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே இறக்கி, சி.ஓ.டி.க்கு. இரண்டும் உடனே பனிக்குள். முதல் போத்தல் ஆய்வுகூடம் சேரும்போது 24 மணிநேரத்தைத் தாண்டியிருக்கும், பி.ஓ.டி.க்கு ஏற்கத்தக்க 48 மணிநேரத்துக்குள் அது அடங்கியது.

எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கண்ணாடிப் போத்தல். முன்பு இதற்கும் பிளாஸ்டிக் போத்தலையே நான் பயன்படுத்தியிருக்கிறேன். கொழுப்பு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும் என்று தெரிந்திருந்தும், உடையும் என்ற பயத்தில். இம்முறை அகன்ற வாயுள்ள ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலை முன்னால் அலசாமல், ஒரே தடவையில், வழியவிடாமல் நிரப்பினோம். போத்தல் முழுவதையும் ஆய்வுக்கு எடுத்து, சுவரையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். அதிலிருந்து கொஞ்சம் ஊற்றி எடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

ஒத்திகை பார்த்த நாளில் ஒரு சிறிய பாடம் கிடைத்தது. பனி உருகிய தண்ணீர் போத்தல் சீட்டின் மையைக் கழுவிவிட்டது. நான்கு போத்தல்கள் எந்த மணிக்குரியவை என்றே தெரியாமல் போயிற்று. அதன் பிறகு பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் நாடா ஒட்டினோம்.

ஓட்டத்தை அளக்க V வடிவில் 90 பாகை வெட்டுள்ள தகட்டைக் கானின் குறுக்கே பொருத்தினோம். வெட்டின் அடியிலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுகோலில் பார்த்தால், சூத்திரத்தின்படி ஓட்டம் தெரியும். உயரத்தின் இரண்டரையாம் அடுக்கில் ஓட்டம் கூடும். பகலில் நீர் 3 முதல் 4 சென்ரிமீற்றரில் நின்றது, மணிக்கு 0.8 முதல் 1.6 கன மீற்றர். இவ்வளவு தாழ்ந்த உயரத்தில் சூத்திரத்தை முழுதாக நம்ப முடியாது. ஆகவே 20 லீற்றர் வாளியைப் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து ஒப்பிட்டோம்.

இரவு பத்து ஐம்பதுக்கு முதலில் சத்தம்தான் வந்தது. மூன்றாவது குழாய்க்குள் தண்ணீர் உருளும் சத்தம். டோர்ச் வெளிச்சத்தில் கான் வெள்ளையாக மாறியது. அளவுகோலில் நீர் பத்து நிமிடத்துக்குள் 8 சென்ரிமீற்றருக்கு ஏறியது. 3லிருந்து 8 என்பது பார்வைக்குச் சிறிய ஏற்றம்; ஓட்டத்தில் அது பதினொரு மடங்குக்கும் மேல், மணிக்கு 9 கன மீற்றர். பன்னிரண்டரைக்குக் கையுறை விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின. பி.எச். மானி 11.2 காட்டியது. கொப்பியில் 'கை வழுக்கும்' என்று அவர் எழுதியது இதைத்தான். ஒரு மணிக்குப் பிறகு அமிலம் வந்தது: 3.9. அந்த மூன்று மணிநேரமும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கேயே நின்று பி.எச். பார்த்தோம்.

ஒன்றேகாலுக்கு மறுகரையில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. யாரும் சொல்லாமலே அது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்தது.

எண்கள்

பகல் மணிகளில் பி.ஓ.டி. 18 முதல் 24, சி.ஓ.டி. 130ஐ ஒட்டி. இரவின் மூன்று மணிநேரத்தில் சி.ஓ.டி. சராசரியாக 800, பி.ஓ.டி. 320. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் எண்ணெயும் கொழுப்பும் 46. நாள் முழுவதும் வெளியேறியது சுமார் 54 கன மீற்றர். அதில் பாதி அந்த மூன்று மணிநேரத்தில்.

இங்கேதான் இந்த நிகழ்வின் மையம் இருக்கிறது. 24 போத்தல்களிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்த கூட்டு மாதிரியின் சி.ஓ.டி. 213. எல்லை 250, அதாவது தேறிவிட்டது. அதே போத்தல்களிலிருந்து ஓட்டத்துக்கு ஏற்ப, ஒரு கன மீற்றருக்கு 50 மில்லிலீற்றர் வீதம் எடுத்துக் கலந்தோம். பகல் மணிக்கு ஏறத்தாழ 65 மில்லிலீற்றர், இரவு மணிக்கு 450. அதன் சி.ஓ.டி. 468. ஒரே தண்ணீர், ஒரே நாள், ஒரே போத்தல்கள். சம அளவில் கலக்கும்போது, பாதித் தண்ணீரைக் கொண்டுபோன மூன்று மணிநேரத்துக்கு எட்டில் ஒரு பங்கு இடம்தான் கிடைக்கிறது. பி.ஓ.டி. இரண்டு விதத்திலும் தவறியது: 58, 172.

கூட்டு மாதிரியின் பி.எச். 7.3. காரமும் அமிலமும் போத்தலுக்குள் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு அழகான எண் ஆகிவிட்டன. 11.2ஆகவும் 3.9ஆகவும் கால்வாயில் விழுந்த தண்ணீரைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பி.எச். பெறுமானத்தைக் கூட்டு மாதிரியில் அறிக்கையிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

எந்தச் சராசரியை அறிக்கையில் எழுதுவது என்று பணிப்பாளர் ஒருவர் கேட்டார். சம அளவுக் கலவையும் பாடநூலில் உள்ள முறைதானே என்றார். ஓட்டம் ஒரே சீராக இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும், இங்கே பொருந்தாது என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கையில் இரண்டு எண்களையும், ஏன் ஓட்டத்துக்கு ஏற்ற எண்ணை எடுத்துக்கொண்டோம் என்ற காரணத்தையும், மணிவாரியான அட்டவணையையும் சேர்த்தோம். அட்டவணையைப் பார்த்த பிறகு அவர் மேலும் வாதிடவில்லை.

பின் நடந்தவை

தொழிற்சாலை அறிக்கையோடு திருத்தத் திட்டத்தையும் சேர்த்து அதிகாரசபைக்குக் கொடுத்தது. உத்தியோகத்தர்கள் இரவில் வந்து பார்த்தார்கள். காலக்கெடு குறிக்கப்பட்டது.

செலவில்லாத மாற்றமே முதலில் பலன் தந்தது. கழுவலின் முதல் அலசலில்தான் பால் பெரும்பகுதி போகிறது. அதைக் கானில் விடாமல் பீப்பாய்களில் பிடித்து, வளர்ப்புப் பன்றிகளுக்குத் தீவனமாக எடுத்துப்போகும் ஒருவரிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். கழுவலை மூன்று மணிநேரத்துக்குப் பதில் ஆறு மணிநேரத்துக்குப் பரப்பினார்கள். இரவில் கவனிப்பவர் சொன்ன யோசனை இது. எவ்வளவு நேரம் தாமதித்தால் தொட்டி வழியாது என்று அறிய அவருக்குக் கணக்கே தேவைப்படவில்லை. வழிந்தோடும் குழாய்க்கு மூடி போட்டு, நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் மணி பொருத்தப்பட்டது. 40 கன மீற்றர் புதிய சமநிலைத் தொட்டி கட்ட ஐந்து மாதம் ஆயிற்று.

புதிய தொட்டி புதிய தொல்லையும் கொண்டுவந்தது. பால் கலந்த தண்ணீர் அதிக நேரம் அசையாமல் நின்றதால் புளித்து, முன்பு இரவில் மட்டும் அடித்த நாற்றம் பகலிலும் அடித்தது. மறுகரையிலிருந்து மீண்டும் முறைப்பாடு வந்தது. இம்முறை அதை வாசித்த அன்றே போனோம். தொட்டிக்குள் காற்றூட்டும் குழாய்கள் போட்ட பிறகுதான் நாற்றம் தணிந்தது. வடிவமைப்பின்போதே இதை எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எல்லோரும் கொள்ளளவையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

செப்டெம்பரில் மறுபடி ஒரு வியாழக்கிழமை 24 மணிநேரம் எடுத்தோம். ஓட்டத்துக்கு ஏற்ற கூட்டு மாதிரியில் பி.ஓ.டி. 26, சி.ஓ.டி. 168, கண்ணாடிப் போத்தலில் கொழுப்பு 7. பி.எச். மட்டும் ஒரு முக்கால் மணிநேரம் 8.9 வரை போனது. அதையும் அறிக்கையில் எழுதினோம். காரமும் அமிலமும் புதிய தொட்டிக்குள் சேரும் வரிசையை மாற்றும் வேலை அப்போது முடியவில்லை.

பழைய பதினான்கு அறிக்கைகளைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவை குளோரின் தொட்டியில், பகல் நேரத்தில் எடுத்த தண்ணீரை மட்டும் குறிக்கின்றன, அவற்றின் பி.ஓ.டி. எண்கள் குளோரின் முறிக்கப்படாமல் பெறப்பட்டவை, இறுதி வெளியேற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று ஆய்வுகூடம் எழுத்தில் அறிவித்தது. சக ஊழியர் சிலருக்கு இது தேவையற்ற தலையிடியாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாள்களில் ஒன்றைத்தான் இடியப்பம் அவிக்கும் அம்மாவுக்குப் பதிலாக அனுப்பியிருந்தேன். அவருடைய வீட்டுக்குப் போய், அவர் எழுதியது சரி, நான் எழுதியது பிழை என்று சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். இப்போதும் சில இரவுகளில் மணக்கிறது, ஆனால் தண்ணீர் வெள்ளையாக இல்லை என்றார். எந்த இரவுகள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

இப்போது வேறாகச் செய்பவை

புதிய தொழிற்சாலை எதுவானாலும் முதல் நாள் போத்தலே எடுப்பதில்லை. நீர்நிலையில் விழும் வாயிலிருந்து உள்நோக்கி நடந்து, ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்து, எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று கையால் வரைபடம் போடுகிறோம். கழுவும் நேரம், வேலைமுறை மாறும் நேரம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடக்கும் வேலை ஆகியவற்றை உற்பத்திப் பகுதியினரிடமே கேட்கிறோம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஓட்டம் அளந்து 24 மணிநேர மாதிரி. மற்ற மாதங்களில் தனி மாதிரி, ஆனால் நேரம் மாறி மாறி, அவற்றில் சில இரவில். இரவு வேலைக்கு வாகனமும் மேலதிகக் கொடுப்பனவும் கேட்டு ஆய்வுகூட நிர்வாகத்தோடு பேச ஒரு வருடம் பிடித்தது. முன்னறிவிப்பு இல்லாமல் போவதைச் சில தொழிற்சாலைகள் இன்னும் ஏற்கவில்லை.

பி.ஓ.டி., சி.ஓ.டி. விகிதம் வழக்கத்துக்கு மாறானால் அறிக்கை கையொப்பத்துக்கு வராது; காரணம் தெரியும்வரை ஆய்வாளரின் மேசையிலேயே நிற்கும்.

மாதிரிப் படிவத்தை மூன்று மொழிகளிலும் அச்சிட்டோம். அதில் இரண்டு கட்டங்கள் புதியவை. ஒன்றில், எடுத்த இடத்தை 'இறுதி வெளியேற்றம்' என்று எழுதவிடாமல், எந்தக் குழாய், எந்தத் தொட்டி, குளோரினுக்கு முன்னா பின்னா என்று குறிக்க வேண்டும். மற்றதில் நிலையத்தை இயக்குபவர், கடந்த மாதத்தில் வழக்கத்துக்கு மாறாகக் கண்டதை அவருடைய மொழியில் எழுத வேண்டும். அந்தப் பால் தொழிற்சாலையின் சென்ற மாதப் படிவத்தில் அந்தக் கட்டம் பென்சிலால் நிரப்பப்பட்டிருந்தது: '17ஆம் திகதி 2.40, மணி அடித்தது, பம்ப் நின்றிருந்தது, நானே போட்டேன். வெள்ளை இல்லை.'